ஏத்தம் வருது, இறங்குங்க சார்

கணேசன் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருந்தேன். வடுவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆட்டுப் புழுக்கை. புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், வளர்மதி காலையில போயிட்டாங்க" என்றார். மனைவியை அவர் எப்போதும் மரியாதையாகத்தான் சொல்வார். நான் "சரிங்க" என்றேன். போனை வைத்துவிட்டு, பாதியில் இருந்த கண்ணாடித் தகட்டை முழுதாகப் பார்த்து முடித்தேன். முட்டை எதுவும் இல்லை. தகட்டைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அதன் பிறகுதான் சட்டை மாற்ற எழுந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் டாக்டர் வளர்மதியிடம் இதைச் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். "தெரியும் சார், நீங்க முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்பீங்க" என்றிருப்பார்.

கால்நடைத் துறையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், மன்னார்குடிக்குத் தெற்கே அவரிடம் மாடு காட்டியவர்களுக்கும் அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியது குறைவு. என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அன்று மாலை இறுதி ஊர்வலத்தில் நடந்த ஒன்றை, தெரியாதவர்களுக்காக விளக்கவேண்டும் என்று தோன்றியது.

அவர் உடலை ஏற்றிய வண்டி பாமணி ஆற்றுப் பாலத்தை நெருங்கியது. பின்னால் கிராமத்துக்காரர்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்துகொண்டிருந்தார்கள். பாலத்துக்கு ஏறுகிற சரிவு தொடங்கும் இடத்தில், பின்னிருக்கையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வேட்டியை மடித்துக்கொண்டு நடந்தார்கள். ஓட்டியவர்கள் தனியாக மேலே ஏறிப்போய்ப் பாலத்தின் நடுவில் காத்திருந்தார்கள். யாரும் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. என் பக்கத்தில் காரில் உட்கார்ந்திருந்த கணேசனின் சென்னை உறவினர், "என்ன சார், எல்லாருக்கும் ஒரே நேரத்துல பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். கதவைத் திறந்து நானும் இறங்கிவிட்டேன். அவருக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வளர்மதி வாங்கிய மோட்டார் சைக்கிள், மண் பாதைக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவாகச் செய்த வகை. உயரமான சக்கரம், கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர், மேலே தூக்கி வைத்த சைலன்சர். பார்த்தால் இமயமலைக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கும். இஞ்சினோ, கடைவீதிக்குக் காய்கறி வாங்கப் போகிற வண்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அவருக்கு உயரம் குறைவு. இருக்கையின் பஞ்சை அறுத்துத் தாழ்த்திய பிறகும் ஒரு காலின் நுனிதான் தரையைத் தொடும். ஆகவே எந்த ஊரிலும் ஒரு கல்லோ, மதகுக் கட்டையோ பார்த்து அதன் அருகில்தான் நிறுத்துவார். இரண்டு பக்கமும் மருந்துப் பெட்டிகள், பின்னால் கன்று இழுக்கும் கயிறு, ரப்பர் பூட்ஸ். இவ்வளவையும் அந்தச் சின்ன இஞ்சின் இழுக்கவேண்டும். துறையின் ஜீப் வாய்க்கால் கரைகளில் போகாது. மழை பெய்துவிட்டால் கப்பிச் சாலையிலேயே தயங்கும். ஒரு பக்கம் நடவு வயல், இன்னொரு பக்கம் தண்ணீர், நடுவில் ஓரடி கெட்டியான மண். அவருடைய மாடுகள் எல்லாம் அந்த ஓரடிப் பாதையின் முடிவில்தான் இருந்தன.

அந்த வண்டியில் நான் முதலில் ஏறியது ஓய்வு பெற்ற பிறகு. அவர் வேலையில் சேர்ந்தபோது நான் அவருக்கு மேலதிகாரி. அதனால் கடைசிவரை "சார்" என்றார். நான் ஆய்வகத்து ஆள். ஓய்வுக்குப் பிறகும் வீட்டின் முன்னறையில் மைக்ராஸ்கோப் வைத்துக்கொண்டு, அவர் கொண்டுவரும் சாணத்தையும் ரத்தத்தையும் பார்த்துச் சொல்வேன். ஒரு ஐப்பசியில் கோட்டூருக்கு அப்பால் சம்சுதீன் பாயின் ஆடுகள் வரிசையாகச் செத்தன. இடத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் வாசலில் வண்டி நின்றது. ஏறுங்க சார் என்றார்.

தார்ச்சாலை முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஆற்றுக்கரை வந்ததும் வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல், "ஏத்தம் வருது, இறங்குங்க சார்" என்றார். நான் ரத்த மாதிரிகளுக்கான ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். அவர் முதல் கியரில், என் காதுக்கு அழுகிற மாதிரிக் கேட்ட சத்தத்தோடு, கரைமேல் ஏறினார். நான் சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, தடுமாறித் தடுமாறி நடந்தேன். மேலதிகாரியாக இருந்தவனை இப்படி இறக்கிவிடுகிறாரே என்று ஒரு கணம் நினைத்தேன். கரையின் மேலே அவர் சிரிக்காமல் காத்திருந்தார். "இந்த வண்டிக்கு வெக்கமே கிடையாது சார். முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடும். நாம இறங்கிட்டோம்னா அது பாட்டுக்கு ஏறிடும். இறங்காம உக்காந்திருந்தாத்தான் ரெண்டு பேரும் வாய்க்கால்ல கிடப்போம்" என்றார்.

பிறகுதான் தெரிந்தது, அது எனக்கு மட்டும் உள்ள விதி இல்லை. நம் பகுதியில் மலை கிடையாது. ஏற்றம் என்றால் ஆற்றுக்கரை, மதகு, பாலம், இவ்வளவுதான். அவருக்குப் பின்னால் உட்கார்ந்த யாரும் அங்கே இறங்கியாகவேண்டும். மாடு கன்று போடுகிறது என்று அழைக்க வந்தவர், ஊசி போடத் துணைக்கு வந்தவர், ஊராட்சித் தலைவர், எல்லோரும் இறங்கி நடந்தார்கள். சில நாட்களில் அவர் சொல்லவேண்டிய தேவையும் இல்லாமல் போனது. கரை கண்ணில் பட்டதும் தாமாகவே இறங்கிவிடுவார்கள்.

அந்த முதல் நாள், கரையின் மேலே, நான் அவரிடம் ஒன்று சொன்னேன். வேலைக் காலம் முழுவதும் யாரிடமும் சொல்லாதது. எனக்கு மாடென்றால் பயம். கட்டியிருக்கும் மாட்டின் பக்கத்தில் போனாலே கை நடுங்கும். அதனால்தான் ஆய்வகத்தை விட்டு நான் நகரவே இல்லை. இதை எப்படியோ சொல்லி முடித்தேன். "தெரியும் சார்" என்றார். "எல்லாருக்குமே தெரியும்." பிறகு, நான் தள்ளியே நிற்கலாம், பிடிக்கவேண்டியதைத் தான் பிடித்துக்கொள்வதாக, எனக்குச் சங்கடம் இல்லாதபடி சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். சம்சுதீன் பாயின் கொல்லையில் அவர் ஆடுகளைப் பிடித்துப் புழுக்கை எடுத்துத் தர, நான் தள்ளி நின்று பார்த்தேன். ஈரல் புழு. தேங்கிய நீரில் மேய்ந்ததால் வந்தது. மீதி ஆடுகள் பிழைத்தன.

பாய்க்கு அந்த வண்டியைக் கேலி செய்யாமல் இருக்க முடியாது. "டாக்டரம்மா, உங்க வண்டிக்கு ரொம்ப மூச்சு வாங்குது. அதுக்கும் ஒரு ஊசி போட்டுருங்க" என்பார். "அதுக்கு ஒண்ணும் இல்ல பாய். உங்க ஊர்க் கரைதான் உசரம்" என்பார் இவர்.

அவர் சாலையில் ஓட்டுகிற விதத்தையும் சொல்லவேண்டும். பஸ்ஸை முந்துவதற்கு அந்த இஞ்சினில் இழுவை போதாது. முந்த ஆரம்பித்தால் பாதியில் பஸ்ஸும் வண்டியும் பக்கத்துப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். எதிரே லாரி வரும். அதனால் அவர் ஓடுகிற பஸ்ஸை முந்தியதே இல்லை. பின்னால் நிதானமாகப் போவார். அடுத்த நிறுத்தத்தில் பஸ் ஆள் இறக்க நிற்கும்போது பக்கவாட்டில் கடந்துபோவார். திருத்துறைப்பூண்டி வழித்தடத்தில் எந்த நிறுத்தத்தில் கூட்டம் அதிகம், எங்கே பஸ் வெகுநேரம் நிற்கும் என்று அவருக்கு மனப்பாடம். ஓட்டுநர்களுக்கும் அவரைத் தெரிந்துவிட்டது. நிறுத்தத்தில் கையை வெளியே நீட்டி, போங்க என்று காட்டுவார்கள். ஆடி மாதத்தில் முத்துப்பேட்டைப் பக்கம் எதிர்க்காற்று பலமாக இருக்கும். கடைசி கியரில் வண்டி திணறும். நான் பதற்றத்தோடு தோளைத் தொட்டால், ஒரு கியர் குறைத்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு, "காத்து அவசரத்துல இருக்கு சார். நமக்கு அவசரம் இல்ல" என்பார். காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு எப்படிப் பெருகுகிறது என்று நான் ஒருமுறை விளக்க முற்பட்டேன். பொறுமையாகக் கேட்டார். அவர் குறைத்த கியரே அதற்குச் சரியான விடை என்பது சொல்லி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய தம்பிக்கு இது பொறுக்கவில்லை. இரண்டு மடங்கு சக்தியுள்ள பெரிய வண்டி ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார். அக்கா இனிமேல் யாரையும் இறங்கச் சொல்லவேண்டாம் என்றார். வளர்மதி மறுக்கவில்லை. இரண்டு நாள் ஓட்டினார். பாலங்களில் பறந்தது என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் மழை ஈரத்தில் கோரையாற்றங்கரையில் சக்கரம் வழுக்கி வண்டி சாய்ந்தது. அடி இல்லை. ஆனால் அந்தக் கனத்தை அவரால் ஓர் அங்குலம்கூட அசைக்க முடியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் நடவு வயல்; ஆள் இல்லை. மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடு இருந்த இடத்துக்கு நடந்தே போனார். திரும்பிவரும்போது ஊரிலிருந்து நாலு பேர் கூட வந்து கயிறு போட்டுத் தூக்கினார்கள். அன்றே தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். தம்பிக்கு வருத்தம். அவரிடம் வளர்மதி சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"விழாத வண்டி கிடையாதுடா. விழுந்தா நானே தூக்கணும். நாலு பேர் தூக்குற வண்டி ஒண்ணு கடைசில எப்படியும் வரும். அதுவரைக்கும் எனக்கு இது போதும்."

தம்பி முகம் மாறிவிட்டது. அவரோ சிரித்துக்கொண்டே காபி கலக்க உள்ளே போனார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து மார்பில் கட்டி என்று தெரிந்தது. தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை, பிறகு மருந்து ஏற்றினார்கள். இடது கை வீங்கிக்கொண்டது. அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கணேசன், நல்ல மனிதர், மேலிடத்தில் பேசி மனைவிக்கு அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு ஏற்பாடு செய்தார். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். வளர்மதி எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒரு நிபந்தனை சொன்னார். வாய்க்கால் கரையில் வண்டி கீழே விழுந்தால் தூக்க ஆள் இருக்காது. ஆகவே தன்னால் தனியாகத் தூக்க முடிந்தால் கிராமத்துக்குப் போவார். முடியவில்லை என்றால் மறுபேச்சு இல்லாமல் அலுவலகத்துக்குப் போவார். இந்தச் சோதனையை வீட்டுக் கொல்லையில் செய்வதாகவும், நான் வந்து பக்கத்தில் நிற்கவேண்டும் என்றும் சொன்னார்.

கணேசன் இருக்கும்போது நான் எதற்கு என்று கேட்டேன்.

"அவர் நின்னா ஓடிவந்து தூக்கிடுவார் சார். நீங்கதான் பயந்தவங்க. தொட மாட்டீங்க."

என் சுபாவம் ஒருவருக்குப் பயன்பட்டது என்றால் அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

கொல்லையில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் வண்டியைச் சாய்த்தார். முதலில் ஸ்டாண்டை வெளியே இழுத்துவிட்டார். இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்றார். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார். இருக்கையின் விளிம்பில் இடுப்பைப் பொருத்தினார். வலது கையால் பின்கம்பியைப் பிடித்தார். இடது கை ஹாண்டில் பாரைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு கால்களால் பின்னோக்கி உந்தி, சிறு சிறு அடியாக வைத்து நிமிர்ந்தார். வண்டி அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. பாதியில் நின்றது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மறுபடி எழுந்தது. ஸ்டாண்டில் நின்றது. "கையில இல்லைன்னா காலுல இருக்கு சார்" என்றார். முகம் வெளுத்து வேர்த்திருந்தது. சமையலறை ஜன்னலில் கணேசன் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணைத் துடைத்தது எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டா, பயந்தா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சம்பா பருவம் முழுவதும் அவர் கரைகளில் இருந்தார். கார்த்திகை மழையில் ஒருமுறை சம்சுதீன் பாயின் வயலோரம் வண்டி விழுந்ததாம். தூரத்திலிருந்து பார்த்த பாய் ஓடிவர, இவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, திரும்பிக் குந்தி முதுகால் தூக்கினாராம். பாய் எனக்கு நடித்தே காட்டினார். "ஊரெல்லாம் முன்னாடி பார்த்துத் தூக்குது, நீங்க ரிவர்ஸ்ல தூக்குறீங்களே டாக்டரம்மா" என்று அவர் கேட்க, "முன்னாடி பார்த்தா எவ்வளவு கனம்னு தெரிஞ்சுடும் பாய்" என்று இவர் சொன்னாராம்.

அறுவடை முடியும் சமயத்தில் நோய் திரும்பியது. இந்த முறை முதுகெலும்பில். கணேசன் எனக்குப் போன் செய்து, மறுபடியும் வண்டி தூக்கும் சோதனை வேண்டாம் என்று நீங்களாவது சொல்லுங்கள் சார் என்று கேட்டுக்கொண்டார். சொல்ல வேண்டும் என்று தயார் செய்துகொண்டுதான் போனேன். கொல்லையில் புது வைக்கோல் விரித்து, வண்டியைக் கணேசனைக் கொண்டே சாய்த்து வைத்து, அவரை உள்ளே அனுப்பிவிட்டு, வளர்மதி எனக்காகக் காத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க சொல்ல வந்தது தெரியும் சார். ஒரே ஒரு தடவை பார்த்துடறேன். இல்லைன்னா அலுவலகத்துல உக்காந்துக்கிட்டு, முடிஞ்சிருக்குமோ முடிஞ்சிருக்குமோன்னு இருப்பேன்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. வாழ்நாள் முழுவதும் முடிந்திருக்குமோ என்று உட்கார்ந்திருந்தவன் நான்.

குந்தினார். பிடித்தார். உந்தினார். வண்டி ஒரு சாண் எழுந்து, மெதுவாக வைக்கோலில் படிந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் முயன்றார். இந்த முறை எழவே இல்லை. நான் என்னை அறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தேன். "இருங்க சார்" என்றார். நின்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. சாய்ந்த வண்டியின் இருக்கையில் முதுகை வைத்தபடி, வைக்கோலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் எங்கோ அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை. வண்டியின் டாங்கைக் கையால் ஒருமுறை தட்டினார், மாட்டின் விலாவைத் தட்டுவதுபோல.

"ஏத்தம் வந்துடுச்சு சார். நான் இறங்கிக்கிறேன்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "இதை இப்படியே போட்டுட்டுப் போகக்கூடாது. வாங்க" என்று தன் பக்கத்து இடத்தைக் காட்டினார். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில், வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினேன். என் முழங்கால்கள் சத்தம் போட்டன. பின்கம்பியை எங்கே பிடிக்கவேண்டும், இடுப்பை எங்கே பொருத்தவேண்டும் என்று சொல்லித் தந்தார். திரும்பிப் பார்க்காதீங்க என்றார். இரண்டு பேரும் உந்தினோம். கனம் முதலில் என்னை மண்ணோடு அழுத்தியது. பிறகு, எப்படி என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை, முதுகில் ஒரு பெரிய பிராணி எழுந்து நிற்பதுபோல வண்டி எழுந்தது. ஸ்டாண்டில் அமர்ந்தது. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். அவர் என் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, "சேர்ந்து தூக்கினது கணக்குல வராது சார்" என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் போனார். முடிந்தவரை போனார். மோட்டார் சைக்கிளை அவருடைய இடத்துக்கு வந்த புது டாக்டரிடம் கொடுத்துவிட்டார். பஸ் எந்த நிறுத்தத்தில் வெகுநேரம் நிற்கும் என்பதையும் சொல்லிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஊர்வலத்தன்று பாலத்தில் ஏன் எல்லோரும் இறங்கி நடந்தார்கள் என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். சென்னை உறவினர் இதைப் படித்தால் போதும் என்று நினைக்கிறேன்.

பாலத்துக்கு அப்பால், ஆற்றங்கரைச் சுடுகாட்டில், அவரை வண்டியிலிருந்து இறக்கினார்கள். முன்னால் கணேசனும் தம்பியும், பின்னால் சம்சுதீன் பாயும் இன்னொருவரும். நாலு பேர். என்னை யாரும் கூப்பிடவில்லை. வயதைப் பார்த்தால் அது சரிதான். நான் தள்ளி நின்றேன், வழக்கம்போல. எனக்கு அதில் குறையும் இல்லை. அவருக்காக இல்லாமல் அவரோடு சேர்ந்து ஒரு கனத்தைத் தூக்கியவன் நான். கணக்கில் வராது என்று அவர் சொன்ன அந்த ஒரு தடவையை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.